கடை திறந்திருக்கு... நம்பர் ரத்தாகிடுச்சு! வணிகவரி ஆபீஸில் யாரிடம், எப்படிக் கேட்பது?

ஷட்டர் திறந்திருக்கிறது. வாசல் பொம்மைக்குப் புதுப் புடவை கட்டியாகிவிட்டது. பண்டிகைச் சரக்குக்காக ஈரோட்டு மொத்த வியாபாரிக்கு போன் போட்டால், அவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "அண்ணா, உங்க ஜி.எஸ்.டி. நம்பரு கேன்சல்னு காட்டுதுங்க. அந்த நம்பர்ல இனி பில் போட முடியாதுங்களே."

சிறு கடைக்காரர்கள் பலருக்கும் விஷயம் இப்படித்தான் தெரியவருகிறது. அரசு சொல்லாமல் விட்டுவிடவில்லை. போர்ட்டலில் நோட்டீஸ் ஏறியது, மின்னஞ்சலும் போனது. ஆனால் பதிவு செய்த அன்று கொடுத்த மின்னஞ்சல் முகவரி கடைக்காரருடையது அல்ல, கணக்கு பார்ப்பவருடையது. அவரிடம் இப்படி நூறு கடைகள்.

அதன் பிறகு தொடங்கும் அலைச்சல் இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. "ஆபீஸ்ல போய்ப் பாருங்க" என்பார் பக்கத்துக் கடைக்காரர். எந்த ஆபீஸ்? "ஆன்லைன்ல கம்ப்ளைன்ட் போடுங்கப்பா" என்பான் வீட்டில் இருக்கும் பையன். எந்த ஆன்லைன்?

வரி கட்டுகிற கடைக்காரருக்கு மட்டுமல்ல, அந்த வரியைக் கையிலிருந்து கொடுக்கிற நமக்கும் இதே குழப்பம்தான். ஹோட்டல் பில்லில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? பதில் அந்த பில்லிலேயே இருக்கிறது.

பில்லில் இருக்கும் 15 இலக்கம்

குடும்பத்தோடு சாப்பிட்டு 640 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஹோட்டலுக்கு ஜி.எஸ்.டி. 5%. பில்லில் சி.ஜி.எஸ்.டி. 16 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 16 ரூபாய் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் 16 மத்திய அரசுக்கு, இரண்டாவது 16 தமிழ்நாடு அரசுக்கு. கடைக்காரர் வசூலித்துக் கட்டுகிறவர் மட்டும்தான், பணம் நம்முடையது.

அந்த பில்லின் மேலே, கடைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்ற பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் போதும். பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடையின் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எந்த வகைப் பதிவு, கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்பதெல்லாம் வரும்.

பலரும் கவனிக்காமல் விடுவது அதில் வரும் இன்னொரு தகவலை. இந்தக் கடையை நிர்வகிக்கும் அலுவலகம் மாநிலத்துடையதா, மத்திய அரசுடையதா, எந்த வட்டம் என்பதும் அங்கேயே இருக்கிறது.

ஜி.எஸ்.டி. ஒரே வரி என்றாலும் ஆபீஸ் இரண்டு. மாநிலத்துக்கு வணிகவரித் துறை. தலைமை அலுவலகம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில். மத்திய ஜி.எஸ்.டி.க்குத் தனி அலுவலகம், நுங்கம்பாக்கத்தில். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வியாபாரிகளை இரு தரப்பும் பங்கு போட்டுக்கொண்டன. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குக் கீழே இருப்பவர்களில் 90% பேர் மாநிலத்துக்கு, 10% பேர் மத்திய அரசுக்கு. அதற்கு மேல் போனால் பாதிப் பாதி. ஆகவே தெருமுனைக் கடை என்றால் பெரும்பாலும் வணிகவரித் துறையின் கீழ்தான் வரும். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி பஸ் ஏறக் கூடாது. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அரை நாள் மிச்சம்.

வாடிக்கையாளர் என்ன கேட்கலாம்?

"பில் வேணுமா, வேண்டாமா? பில் இல்லாம எடுத்தா வரி கிடையாது." இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால், நாம் கேட்காதபோது கடைக்காரர் தனி பில் தரத் தேவையில்லை. நாளின் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பதிவு பெற்ற கடைக்காரர் பில் கொடுத்தே ஆக வேண்டும். 200-க்குக் கீழே என்றாலும் நாம் கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. பில் இல்லாத மிக்ஸி ரிப்பேரானால் வாரன்டியும் இல்லை என்பது தனிக் கதை.

இன்னொன்று, 'காம்போசிஷன்' வகையில் பதிவு செய்த கடைகள். சிறு வியாபாரிகளுக்கான சலுகை இது. விற்பனையில் ஒரு சிறு சதவிகிதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டிவிடுவார்கள். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அப்படி ஒரு கடையில் ஜி.எஸ்.டி. என்று தனி வரி போட்டு பில் வந்தாலும், ரத்தான எண்ணில் வரி வசூலித்தாலும் அது புகாருக்குரிய விஷயம். போர்ட்டலில் தேடினால் இரண்டுமே அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

புகாரை அந்த வட்டத்தின் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதிவு செய்யலாம்; அது துறைக்கு அனுப்பப்படும், பதிவு எண்ணும் கிடைக்கும். 'அந்தக் கடையில ஏமாத்துறாங்க' என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பில்லின் படம், பில் எண், தேதி, 15 இலக்க எண், வசூலித்த தொகை எல்லாம் இருந்தால் அதிகாரி கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாற்றம் வேண்டாம். இந்தப் புகாரால் நம் 32 ரூபாய் நம் கைக்குத் திரும்பி வராது; அரசுக்குப் போக வேண்டியது அரசுக்குப் போகும், அவ்வளவுதான். நம் பணம் நமக்கு வேண்டும் என்றால் அது நுகர்வோர் விவகாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வீஸ் சார்ஜ் என்று ஹோட்டல் சேர்த்துக்கொள்வது வரியே அல்ல, அதற்கும் 1915தான். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18-லிருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்கியபோது, விலை குறையவில்லை என்ற புகார்களையும் அந்த எண்ணில்தான் சொல்லச் சொன்னார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்? எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வாங்கினால் எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

வீட்டு வரி, தொழில் வரி என்றால் உள்ளாட்சி அலுவலகம். வருமான வரி மத்திய அரசு. பெட்ரோல், டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அவற்றுக்கான மாநில வரி பழைய வாட் முறையிலேயே வணிகவரித் துறையிடம் இருக்கிறது. கோட்டையில் 'வணிகவரி மற்றும் பதிவுத் துறை' என்று சேர்த்தே சொல்வதால், பத்திரப்பதிவுப் புகாரை வணிகவரி ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. மேலே செயலகம் ஒன்றுதான். கீழே ஆபீஸ்கள் வேறு வேறு.

வணிகவரிக்கு இந்த மண்ணில் வயது அதிகம். இந்தியாவிலேயே முதல்முறையாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1939-ல், ராஜாஜி ஆட்சியில். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி அது. வரி விற்பனை வரியாக இருந்து வாட் ஆகி, ஜி.எஸ்.டி.யும் ஆகிவிட்டது. அதிகாரியின் பதவிப் பெயர் மாநில வரி அலுவலர் என்று மாறிவிட்டது. ஊர்க்காரர்கள் வாயில் மட்டும் அது இன்னும் 'சி.டி.ஓ. ஆபீஸ்'தான்.

க்ரீம் பன்னும் புரோட்டாவும்

புகார் ஒரு பக்கம். கேள்வி இன்னொரு பக்கம்.

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில் ஹோட்டல் உரிமையாளர் ஒருவர் மத்திய நிதியமைச்சரிடம் கேட்டது நினைவிருக்கும். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18%. 'க்ரீமைத் தனியா கொடு, நானே வச்சுக்கறேன்' என்கிறார்கள் வாடிக்கையாளர்கள் என்றார். அரங்கம் சிரித்தது. அதன் பிறகு நடந்ததையும் தமிழ்நாடு பார்த்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து பேக்கரிப் பண்டங்களுக்கான 18% வரி 5% ஆகிவிட்டது.

எல்லோருக்கும் அமைச்சரிடம் மைக் கிடைக்காது. 'என் பொருளுக்கு எத்தனை சதவிகிதம்?' என்று வியாபாரி முறைப்படி கேட்பதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டியே தீர்ப்பு சொல்லும் ஆணையம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. மாநிலச் சட்டத்துக்கு 5,000, மத்தியச் சட்டத்துக்கு 5,000 என்று பத்தாயிரம் ரூபாய் கட்டணம். 90 நாளில் பதில் சொல்ல வேண்டும். வரும் பதில் கேட்டவரையும் அவருடைய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும், பக்கத்துக் கடைக்காரரை அல்ல.

ஆனால் கேட்டால் பிடித்த பதில்தான் வரும் என்பதில்லை. பெங்களூரு நிறுவனம் ஒன்று, பாக்கெட்டில் விற்கும் புரோட்டாவைச் சப்பாத்தி போலக் கருதி 5% போடலாமா என்று கர்நாடக ஆணையத்திடம் கேட்டது. சப்பாத்தி அப்படியே சாப்பிடலாம், இதைச் சூடு பண்ணித்தானே சாப்பிட வேண்டும் என்று 18% போட்டார்கள். அது 2020. புரோட்டா பிரியர்கள் சமூக வலைதளங்களில் கொதித்தார்கள். ஐந்து வருடம் கழித்து, அதே 2025 செப்டம்பர் மாற்றத்தில் புரோட்டாவுக்கு வரி பூஜ்யம்.

பத்தாயிரம் ரூபாய் செலவழிக்க முடியாத சிறு வியாபாரி தன் வட்ட அலுவலகத்தில் கேட்கலாம். பெரும்பாலும் வாய்வார்த்தையாகப் பதில் கிடைக்கும். வழிகாட்டுதலுக்கு அது உதவும். பின்னால் வேறு அதிகாரி வந்து நோட்டீஸ் அனுப்பினால், 'போன வருஷம் இருந்த சார் சொன்னாரு' என்பது பதிலாகாது.

ரத்தான நம்பர் திரும்பி வருமா?

இப்போது அந்தத் துணிக்கடைக்குத் திரும்பலாம்.

தொடர்ந்து ஆறு மாதம் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 'நில்' தாக்கல் செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, வீட்டில் கல்யாணம், கொரோனா என்று கடை பூட்டிக் கிடந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பதிவான மொபைலிலிருந்து 14409-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே 'நில்' கணக்கைத் தாக்கல் செய்யலாம். மொபைல் எண் கடைக்காரருடையதாக இருந்தால்!

ரத்துக்கு முன்னால் நோட்டீஸ் வரும். பதில் சொல்ல ஏழு வேலை நாள். அந்த ஏழு நாளும் ஆடிட்டரின் இன்பாக்ஸில் கழிந்துபோகிறது. (வரி வேலை பார்க்கிற எல்லோரையும் ஆடிட்டர் என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம், பிரவுசிங் சென்டர் தம்பியும் அதில் அடக்கம்.)

முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போர்ட்டலில் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. பாஸ்வேர்டையே தராமல் கணக்கு பார்த்தவர் இழுத்தடித்தால்? பதிவுச் சான்று, அடையாள ஆவணங்களோடு நேராக வட்ட அலுவலகம் போகலாம். கடை உங்களுடையதுதான் என்று சரிபார்த்துவிட்டு, அதிகாரியே புதிய மொபைலையும் மின்னஞ்சலையும் ஏற்றுவார். புதிய பாஸ்வேர்டு உங்களுக்கு வரும். 2018-லிருந்து இந்த வசதி இருக்கிறது. போர்ட்டலே வேலை செய்யவில்லை, பணம் கட்டியும் ஏறவில்லை என்பது போன்ற கோளாறுகளுக்கு மட்டும் 1800 103 4786 என்ற கட்டணமில்லா எண். அங்கே இருப்பவர்களிடம் 'என் பதிவை ஏன் ரத்து பண்ணீங்க?' என்று கேட்டுப் பயனில்லை. ரத்து செய்தது அவர்கள் அல்ல.

ரத்து உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள், விட்டுப்போன கணக்குகளையெல்லாம் வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்து, பதிவைத் திரும்பத் தரும்படி மனுப் போடலாம். தகுந்த காரணம் இருந்தால் இணை ஆணையர் அளவிலான அதிகாரி இன்னும் 180 நாள்வரை நீட்டிக்கலாம். மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், காரணம் காட்டினால் கூடுதலாக ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் அவரால் எடுக்க முடியாது. அவருக்கு இரக்கம் இருந்தாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

முன்பு இந்த 90 நாள், வெறும் 30 நாளாக இருந்தது. கொரோனாக் காலத்தில் அதைத் தவறவிட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அப்படிப்பட்ட சிறு வியாபாரிகளின் வழக்குகள் ஒன்றாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. பட்டியலில் முதல் பெயர் ஒரு துணிக்கடை, சுகுணா கட்பீஸ் சென்டர். 2022 ஜனவரி 31-ல் தீர்ப்பு வந்தது. இவர்களை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்தி வைப்பதால் யாருக்கும் பயனில்லை, அரசுக்கும் வரி போகிறது என்ற கோணத்தில் பார்த்தது நீதிமன்றம். 45 நாளுக்குள் பாக்கிக் கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும், வரியையும் வட்டியையும் கட்டணத்தையும் கட்ட வேண்டும், பழைய கிரெடிட்டில் கழித்துக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டுப் பதிவுகளை மீட்டுக் கொடுத்தது. அதே வழியில் அதன் பிறகு சென்னையிலும் மதுரைக் கிளையிலும் ஏராளமான சிறு வியாபாரிகள் நம்பரைத் திரும்பப் பெற்றார்கள். தமிழ்நாட்டு வரி வட்டாரத்தில் இன்றும் 'சுகுணா கட்பீஸ் ஆர்டர்' என்றாலே போதும். ஒரு கட்பீஸ் கடையின் பெயர் சட்ட வரலாற்றில் ஏறிய விதம் இது.

நோட்டீஸ் விஷயத்திலும் நீதிமன்றம் தலையிட்டது. போர்ட்டலில் 'வியூ நோட்டீசஸ்' என்று ஒரு பட்டன். அதைத் தட்டினால் ஒன்றுமே இருக்காது. 'வியூ அடிஷனல் நோட்டீசஸ்' என்று வேறு ஒரு பட்டன். லட்சக்கணக்கில் வரி கேட்கும் உத்தரவு அதற்குள் கிடக்கும். இந்தக் குழப்பத்தால் பதிலே சொல்லாமல் விட்டவர்களுக்கு 2023-ல் உயர் நீதிமன்றம் மறுபடி வாய்ப்புக் கொடுத்தது. பின்னர் இரண்டு பட்டன்களும் ஒரே தலைப்பின் கீழ் வந்தன. போர்ட்டலில் போட்ட நோட்டீஸுக்குப் பதிலே வராதபோது பதிவுத் தபால் போன்ற வேறு வழியிலும் அனுப்பிப் பார்க்க வேண்டாமா என்று பின்வந்த வழக்குகளிலும் நீதிபதிகள் அதிகாரிகளைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வாய்ப்பு இலவசமாக வருவதில்லை. தகராறில் உள்ள வரியில் 10 அல்லது 25% கட்டிவிட்டு வா என்பதுதான் வழக்கமான நிபந்தனை. வக்கீல் செலவு தனி. வாரம் ஒருமுறை அந்தப் பட்டனைத் தட்டிப் பார்ப்பது இதைவிட மலிவு.

வருகிற எல்லா நோட்டீஸும் உண்மையானது என்றும் நம்பிவிட முடியாது. 'ஜி.எஸ்.டி. ஆபீஸிலிருந்து பேசுறேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க' என்று வந்தால் அது மோசடி. வரி கட்டுவது போர்ட்டலில் உருவாக்கும் செலானில் மட்டும்தான். உண்மையான நோட்டீஸில் ஆர்.எஃப்.என். என்ற குறிப்பு எண் இருக்கும். அது நிஜமா என்று போர்ட்டலிலேயே சரிபார்க்கலாம்.

உத்தரவில் கூட்டல் தப்பு, கட்டிய வரியைக் கட்டவில்லை என்று போட்டிருப்பது போன்ற கண்ணுக்குத் தெரிகிற பிழை இருந்தால் மேல்முறையீடுவரை போக வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் அதே அதிகாரியிடம் திருத்த மனு கொடுக்கலாம். அதிகம் பேர் பயன்படுத்தாத வழி இது.

நேரில் போகிறவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். உதவி ஆணையரைப் பார்த்து, 'சரி பாக்கறேன்' என்ற பதிலோடு திரும்பாமல், மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். தமிழில் எழுதலாம், நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தது என்பதற்காகப் பதிலும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே 15 இலக்க எண், நோட்டீஸின் குறிப்பு எண், தேதி. கீழே நடந்தது என்ன, என்ன வேண்டும் என்று பத்து வரி. போர்ட்டலில் போட வேண்டிய பதிலைப் போர்ட்டலிலும் போட்டுவிட வேண்டும். காகிதம் அதற்கு மாற்று அல்ல. ஒரு பிரதியைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீல் தேதியைத்தான்.

சீல் வாங்கியதும் அதை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பில் புத்தகத்துக்கு நடுவே செருகிய காகிதம், தேவைப்படுகிற நாளில் கிடைப்பதில்லை.